வெளிச்சம் மட்டும் கேட்காத பவளம்

எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். இன்ன காரணம் என்று கிடையாது. போன் மணி அடித்தால் அடித்துக்கொள்ளும். அடிக்காவிட்டால், ஏன் இன்னும் அடிக்கவில்லை என்று அடித்துக்கொள்ளும். விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். மார்பில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். எல்லாம் நன்றாக இருந்தால் பிறகு எதற்கு அடித்துக்கொள்கிறது என்று புதிதாக ஒரு கவலையை வாங்கிக்கொண்டு எழுந்தபோது, "வீட்ல ஒரு மீன் தொட்டி வைங்க. தினம் கொஞ்ச நேரம் பாருங்க. மனசு அடங்கும்" என்றார்.

நியாயமான மனிதனாக இருந்தால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இறங்கி இரண்டு தங்க மீனை ஒரு கவரில் வாங்கிக்கொண்டு திண்டிவனம் வந்து சேர்ந்திருப்பான். நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

என் தொழில் இன்வெர்ட்டர், பேட்டரி ரிப்பேர். கரண்ட் போனால் ஊரே திட்டும், எனக்கு வேலை வரும். ஆனால் கரண்டைப் பற்றி என்னைவிட அதிகமாகப் பயப்படுகிற ஆள் இந்தத் தாலுகாவில் இருக்க முடியாது. மீன் தொட்டி என்றால் விளக்கு, விளக்கு என்றால் கரண்ட், கரண்ட் போனால் என்ன கதி என்று கடையில் உட்கார்ந்து செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். அதில் ஒன்றில் ஒரு ஆள் கடல் பவளங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரும்பாலான பவளங்களுக்குப் பளீரென்ற வெளிச்சம் வேண்டுமாம். ஆனால் ஆழத்தில், இருட்டில் வாழ்கிற சில பவளங்களுக்கு வெளிச்சமே தேவையில்லையாம்.

வெளிச்சமே தேவையில்லை! அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டேன். விளக்கு இல்லை, அதனால் செலவு இல்லை, பயம் இல்லை. எனக்கென்றே ஆண்டவன் கடலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பிராணி என்று நினைத்தேன்.

அடுத்த வாக்கியத்தையும் கேட்டிருக்கலாம். வெளிச்சம் வாங்கும் பவளம் அந்த வெளிச்சத்திலேயே சாப்பாட்டுக்கு வழி பண்ணிக்கொள்ளும். வெளிச்சம் வேண்டாத பவளத்துக்கு அந்த வசதி கிடையாது, யாராவது வேளா வேளைக்கு ஊட்ட வேண்டும். கடலில் ஓடும் தண்ணீர் ஊட்டுகிறது. வீட்டில்? இதெல்லாம் தொட்டி வந்து இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் ஊருக்கே சொல்லியாகிவிட்டது.

மனைவி கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள். அவள் நிதானமாகப் பேசினால்தான் பயம்.

"ஒம்பதாவத பாதியில வுட்டிங்க. லைசன்சுக்குப் போயி எட்டு போடாமயே திரும்பி வந்திங்க. கம்ப்யூட்டர் கிளாசு, யோகா கிளாசு எல்லாம் பாதி. அதெல்லாம் ஜடம், போவட்டும். இது உசுரு. இதையும் பாதியில வுட்டு அது செத்துச்சின்னா, அப்பறம் இந்த வூட்டுக்கு ஒரு துளசிச் செடிகூட உங்க கையால வரக் கூடாது."

"சாவாது" என்றேன். சொல்லும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டது. அன்றிலிருந்து எனக்கு இருந்த ஒரே பிரார்த்தனை, அது சாகக் கூடாது என்பதுதான். இத்தனைக்கும் அது இன்னும் வாங்கப்படவே இல்லை.

தொட்டியை எங்கே வைப்பது? ஆழ்கடல் பிராணிக்குக் குளிர்ச்சி வேண்டும். திண்டிவனத்து வெயில் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. வீட்டில் ஏசி இருப்பது ஒரே ஒரு அறையில், அது எங்கள் படுக்கையறை. ஆகவே கட்டில் ஜன்னல் பக்கம் தள்ளப்பட்டது, பீரோ ஹாலுக்குப் போனது, பவளம் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் எங்கள் படுக்கையறைக்குள் வந்து நின்றார்கள். மடிக்காத போர்வையையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்தது உப்பு. பாக்கெட்டில் வரும் கடல் உப்பை வரவழைத்து, ஆர்ஓ தண்ணீரில் கரைத்தேன். அந்த நேரம் பார்த்து விழுப்புரத்திலிருந்து மச்சினன் வந்திருந்தான்.

"இன்னா மாமா இது? மரக்காணத்துல உப்பு அம்பாரம் அம்பாரமா கெடக்குது. நீங்க வெளிநாட்டு உப்ப பாக்கெட்டுல வாங்கி கரைச்சிக்கினு இருக்கிங்க."

"அது சமையலுக்கு. இதுல வேற சத்தெல்லாம் இருக்குது."

"அப்ப கடல் தண்ணியே ரெண்டு கேன் மொண்டுக்கினு வர்றது? கடலு இன்னா லீவா?"

"கரையோரத் தண்ணியில என்னென்ன கலந்திருக்குமோ."

"அதுலதான மாமா மீனெல்லாம் உயிரோட இருக்குது?"

"அதுங்களுக்கு வேற வழி இல்ல."

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அக்கா கூரையைப் பார்த்தாள்.

உப்புத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்பதால் உடனே பவளத்தை விட்டுவிட முடியாது. தண்ணீரில் நல்ல கிருமிகள் வளர்ந்து, தண்ணீர் பழக வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். கல், தண்ணீர், தண்ணீரைச் சுற்றிவிடும் பம்ப், அழுக்கை நுரையாக எடுக்கும் மிஷின் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே ஒரு பிராணி கிடையாது. இன்வெர்ட்டரிலிருந்து தொட்டிக்குத் தனி லைன் இழுத்தேன். அந்த லைன் போனால் என்ன ஆவது என்று இன்னொரு பேட்டரி வைத்தேன். கரண்ட் போய் வீட்டில் மனிதர்கள் வியர்த்துக் கிடந்த ஒரு மதியம், காலித் தொட்டியில் மட்டும் தண்ணீர் குளுகுளுவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டு அம்மா தினமும் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார்.

"மீனு இன்னும் வர்லியா?"

"மீன் வராதுங்க. பவளம் வரும்."

"பவளமா!" அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எத்தினி பவுன்ல கோக்கப் போறிங்க?"

விளக்கிச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நகையைத் தண்ணீருக்குள் ஒளித்து வைக்கிற புது டெக்னிக் என்று தெருவில் பேச்சு கிளம்பியது. அதன் பிறகு நான் திருடனுக்கும் பயப்பட ஆரம்பித்தேன்.

ஒரு வழியாகத் தண்ணீர் தயாரானதும் சென்னைக்குப் போனேன். கடல் பவளம் எதையும் வீட்டில் வைத்தால் வனத்துறை வந்துவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். கடைக்காரரை இதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அவருக்கே பயம் வந்துவிட்டது. இது கல்லாக வளரும் வகை இல்லை, சதைப் பவளம், வெளிநாட்டிலிருந்து கணக்குப்படி வந்தது என்று பில்லைக் கையில் கொடுத்தார். நான் அதை லேமினேட் செய்து தொட்டியின் பக்கக் கண்ணாடியில் ஒட்டினேன். பவளத்தைவிட பில்தான் நன்றாகத் தெரியும்.

திரும்பி ரயிலில் வரும்போது தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். "ஐஸ்கிரீமா?" என்றார் பக்கத்து ஆள். "உசுருங்க" என்றேன். அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்கு மிளகாய்ப் பவளம் என்று பெயர். தடித்த சிவப்பு விரல்கள் நாலைந்து சேர்ந்த ஒரு கொத்து. கல்லின் அடிப்பக்கம், தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். தொங்கவிட்டேன். மனைவி குனிந்து பார்த்தாள்.

"இஞ்சிக்கு செவப்பு பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்குது. இதுக்கா இம்மாம் ஆர்ப்பாட்டம்?"

எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான். ஆனால் அன்று சாயங்காலம் அறை விளக்கை அணைத்து, கடைக்காரர் கொடுத்த தீனியைச் சொட்டு சொட்டாக விட்டபோது அந்த இஞ்சியின் மேல் வெள்ளை வெள்ளையாக ஏதோ கிளம்பியது. புள்ளி மாதிரி வந்து, மெல்ல விரிந்து, ஒவ்வொன்றும் எட்டு இதழுள்ள பூவாக நின்றது. ஒவ்வொரு பூவும் ஒரு வாய். கொத்து முழுக்க வாய்கள். மனைவி பார்த்தபடியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த பெரிய விருது அதுதான்.

வாய்கள் என்றால் சாப்பாடு. மரக்காணம் பக்கம் கடலோரத்தில் இறால் குஞ்சுப் பண்ணையில் வேலை செய்யும் ஒருவரிடம், குஞ்சுகளுக்குப் போடும் ஆர்ட்டீமியா என்ற பொடி உயிரின் முட்டை வாங்கி வந்தேன். பார்க்க நைஸ் காபித்தூள் மாதிரி இருக்கும். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைக் கவிழ்த்து வெட்டி, உப்புத் தண்ணீர் ஊற்றி, காற்று விட்டால் மறுநாள் ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாகப் பொரிந்து நீந்தும். பாட்டில் வைக்கச் சமையல் மேடையில்தான் இடம் இருந்தது. "எம் மாவு புளிச்சிக்கினு இருக்குது, பக்கத்துல உங்க முட்ட பொரிஞ்சிக்கினு இருக்குது. ஒரு நாளு மாத்தி ஊத்திடப் போறேன்" என்பாள் மனைவி. நான் தோசை சாப்பிடும்போதெல்லாம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

காலையில், கடைக்குப் போகுமுன், மதியம், சாயங்காலம் என்று தீனி. குறைத்துப் போட்டால் பட்டினி, கூட்டிப் போட்டால் தண்ணீர் கெட்டுவிடும். மதியம் கடையை மூடிவிட்டு ஓடி வருவேன். பேட்டரி கேட்டுப் போன் செய்த ஒரு வாடிக்கையாளரிடம், "கொஞ்சம் இருங்க, புள்ளைக்கு ஊட்டிக்கினு இருக்கேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "உங்க புள்ள காலேஜி போவுதே" என்றார் அவர்.

இந்தச் சமயத்தில்தான் மாமியார் வானூரிலிருந்து மூட்டு வலி வைத்தியத்துக்கு வந்து சேர்ந்தார். ஹாலில் படுக்கை போட்டோம். இரண்டாம் நாள் கேட்டார்.

"ஏம் மாப்ள, நான் ஒரு கேள்வி கேட்டா கோச்சிக்க மாட்டிங்களே?"

"கேளுங்க அத்த."

"பொண்ணு குடுத்தவ ஃபேன் காத்துல கெடக்குறன். அந்த இஞ்சி ஏசியில கெடக்குது. அது உங்களுக்கு இன்னா குடுத்துச்சி?"

அன்றே மாமியார் ஏசி அறைக்குப் போனார், நாங்கள் ஹாலுக்கு வந்தோம். தொட்டிக்கு எதிரே கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு அவர் படுத்திருப்பார். கால் வலிக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு இல்லை. சீக்கிரத்தில் அவருக்கு அதன் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. "ஏண்டி செவப்பி, இன்னிக்கி முழிக்கலியா?" என்று பேசுவார். தொட்டித் தண்ணீர் தினமும் கொஞ்சம் ஆவியாகிக் குறையும். குறைந்த அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். என் கவலைகளில் ஒன்று குறைந்தது என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளில் பவளம் மூட ஆரம்பித்தது.

முதலில் ஓரத்து விரல் ஒன்று. பிறகு பாதிக் கொத்து. பிறகு எத்தனை சொட்டு தீனி விட்டாலும் ஒரு வாயும் திறக்கவில்லை. சிவப்பு மங்கி, ஒரு விரலின் நுனி வெளுத்துத் தொளதொளவென்று ஆனது. நான் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். கொசுவர்த்திப் புகையா? நிறுத்தினோம், கொசு எங்களைத் தின்றது. சாம்பிராணியா? வெள்ளிக்கிழமை சாம்பிராணி வாசலோடு நின்றது. மாமியார் காலில் தேய்க்கும் தைலமா? அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, மனைவியை விட்டுக் கேட்டேன். அதற்குப் பதிலாக வந்த வார்த்தைகளை மனைவி எனக்கு முழுதாகச் சொல்லவில்லை.

"ஊரு கண்ணு பட்டிருக்கும்" என்றார் மாமியார். "தெருவே வந்து பாத்துக்கினு போச்சில்ல. திருவக்கரை அம்மனுக்கு வேண்டிக்கிறேன், உட்ருங்க."

மனைவி துளசிச் செடியைப் பற்றிக்கூடப் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவளும் சாயங்காலமானால் விளக்கை அணைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போவாள்.

தொட்டியின் பின்பக்கம் தடுப்பு போட்ட ஒரு அறை உண்டு. பம்ப், வடிகட்டும் பஞ்சு எல்லாம் அதற்குள். பஞ்சு அடைத்திருக்குமோ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கையை விட்டுத் துழாவினேன். பஞ்சுக்குக் கீழே வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. எடுத்தேன். செப்புச் சொம்பு. அடிப்பக்கம் பச்சை பூத்திருந்தது.

உப்புத் தண்ணீரில் செம்பு. பவளம் வளர்க்கிறவன் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் முதல் வரியில் எழுதியிருக்கும் எச்சரிக்கை அது. மனிதனுக்கு ஒன்றும் செய்யாத அளவு செம்புகூட இந்த மாதிரிப் பிராணிகளுக்கு விஷம். கையில் சொம்போடு சொட்டச் சொட்ட நின்றேன்.

"அத்த, இது..."

"எஞ் சொம்புதான். நான்தான் போட்டேன்." கட்டிலிலிருந்து ஒரு சங்கடமும் இல்லாமல் பதில் வந்தது. "அந்த மிஷின் தண்ணி செத்த தண்ணி மாப்ள. அதுல இன்னா சத்து இருக்குது? அது மேல ஊத்தி ஊத்தி அந்தப் புள்ளையும் வாடிப் போவுது. செம்புல பட்டா தண்ணிக்கு உசுரு வரும்னு போன்லகூட போட்டிருந்தான். நம்ம வூட்ல குடிக்கிற தண்ணியே செம்புக் குடத்துலதான வெக்கிறோம்?"

"எப்ப போட்டிங்க?"

"வந்த ரெண்டாம் வாரம். ஆரம்பத்துலயே போட்டிருக்கணும், எனக்குத்தான் தோணல."

"அத்த, இதுக்கு செம்பு விஷம்."

"விஷமா? உங்களுக்கு யாரு சொன்னது? அப்ப நாங்கல்லாம் விஷமா குடிக்கிறோம்? நீங்களும்தான குடிக்கிறிங்க?"

அந்த ஒரு கேள்வியில் நான் பவளத்தை மறந்து என் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்தேன்.

சென்னைக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். செம்பை உறிஞ்சும் கரியைப் போடுங்கள், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், ஒரேயடியாக மாற்றினால் அதிலேயே போய்விடும் என்றார். அழுகிய விரலை அப்படியே விட்டால் மற்றதுக்கும் ஏறும், சுத்தமான பிளேடால் நல்ல சதை வரை வெட்டிவிடுங்கள் என்றார். மீதி பிழைக்குமா என்றேன். "பார்க்கலாம் சார்" என்றார். அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

கரி போட்டேன், தண்ணீர் மாற்றினேன். பவளத்தை ஒரு பேசினில் அதன் தண்ணீரோடு எடுத்து வைத்தேன். புது பிளேடை எடுத்தேன். ஊசி போடுவதைப் பார்த்தாலே மயக்கம் வருகிற ஆள் நான். பிளேடு பேசினின் விளிம்பில் டிங் டிங்கென்று தட்டியது.

மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். அதுவரை அவர் அந்த வெளுத்த விரலை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. மெல்ல எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நெசமாவே அந்தச் சொம்பாலயா?"

"ஆமா அத்த."

அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டினார்.

"குடுங்க இங்க. காலம்பூரா மீனு ஆஞ்ச கை. நீங்க வெட்டினா அது பயத்துலயே செத்துடும்."

"நல்ல சதை வரைக்கும்தான். கொஞ்சம் தாண்டினாலும்..."

"தெரியிது. நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

நான் திரும்பிக்கொண்டேன். மனைவி டார்ச் பிடித்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. "முடிஞ்சிது" என்றார் மாமியார். வெட்டிய துண்டு ஒரு டப்பா மூடியின் மேல் கிடந்தது. அழுகல் அந்த நுனியோடு நின்றிருக்கவில்லை, பேசினில் மிஞ்சியது பழைய கொத்தில் பாதிதான். அதை மறுபடி கல்லுக்கு அடியில் தலைகீழாகத் தொங்கவிட்டோம்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் என்னைக் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் இல்லாத வீட்டில் இருப்பது எனக்குப் பழக்கமில்லை, இன்னும் பயமாகிவிட்டது. திறக்காத வாய்க்குத் தீனி போட்டால் தண்ணீர் கெடும், போடாவிட்டால் திறக்கிற நேரம் பட்டினி கிடக்கும். துளி துளியாக விட்டுவிட்டு நின்றேன். கடையில் ஒருவர் வீட்டு இன்வெர்ட்டரை மாற்றி இணைத்துவிட்டு, அவரிடமே திட்டு வாங்கினேன். மாமியார் செம்புக் குடத்தைச் சமையலறை அலமாரியின் மேல் தட்டில் ஏற்றிவிட்டார். நான் குடிப்பதற்கும் பிளாஸ்டிக் பாட்டில்தான் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் மறுபடி செம்புக் கதை வரும்.

ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மனைவி ஹாலுக்கு வந்து, உதட்டின் மேல் விரலை வைத்து, உள்ளே வரும்படி கையை ஆட்டினாள். அறையில் விளக்கு இல்லை. மாமியார் கட்டிலில் இல்லை. தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார், அந்த முட்டியோடு.

"மெதுவா வாங்க. பேசாம வாங்க" என்றார்.

வெட்டுப்பட்ட இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மீதி இருந்த விரலில் வெள்ளையாக மூன்று நான்கு. முழுதாக விரியவில்லை. கசங்கிய பூ மாதிரி இருந்தது. ஆனால் திறந்திருந்தது. நான் டார்ச்சை எடுத்து எண்ண ஆரம்பித்தேன்.

"இந்தப் பக்கம் ஒண்ணுகூட வரலியே. இது ஏன் வளைஞ்சிருக்குது? நிறம் சரியா..."

மாமியார் டார்ச்சை என் கையிலிருந்து வாங்கி அணைத்தார்.

"தொறந்ததப் பாருங்க மாப்ள."

பார்த்தேன். ஏசியும் பம்பும் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று பேரும் இருட்டில், படுக்கையறையில், ஒரு அரை இஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தீனி போட்டுடலாமா?" என்றேன்.

"பசிக்குதுன்னு அது சொல்லிச்சா?"

"வாய தொறந்தா பசின்னுதான் அர்த்தம் அத்த."

"அப்ப நீங்க பொறந்ததுல இருந்து பசியிலதான் இருக்கிங்க."

பவளம் வாடியதிலிருந்து மனைவி முதல் தடவையாகச் சிரித்தாள். சமையலறைக்குப் போய்ச் சொட்டு மருந்துக் குழாயில் ஆர்ட்டீமியாவை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். நான் குழாயைத் தண்ணீருக்குள் விட்டு, பவளத்துக்குத் தள்ளியே பிடித்து, ஒரு சொட்டு விட்டேன். ஆரஞ்சுப் பொடிகள் கலைந்து சுற்றின. பெரும்பாலானவை பவளத்தைத் தாண்டிப் போயின. ஒன்று மட்டும் ஒரு வெள்ளை இதழில் ஒட்டியது. இதழ் மெதுவாக உள்ளே மடங்கியது. மற்ற ஏழும் அதன் மேல் மடங்கின.

"முழுங்கிடுச்சி" என்றார் மாமியார், சத்தமே இல்லாமல்.

நான் அடுத்த சொட்டை அழுத்தினேன்.